புரட்டாசி முதல் நாளின் ஊசி

புரட்டாசி பிறந்த காலையில் அம்மா மீன் சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டாள். அது தெரியாமல் நான் வழக்கம்போல ஏழு மணிக்குப் பூனை சோமுவின் கழுத்துத் தோலைத் தூக்கி, இரண்டு யூனிட் இன்சுலின் போட்டுவிட்டேன். சாப்பிட்ட பிறகுதான் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அம்மா வைக்கும் மீனைச் சோமு ஒருநாளும் மறுத்ததில்லை. இன்று தட்டில் தயிர்சோறு இருந்தது. முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

டாக்டருக்குப் போன் செய்தேன். “உடனே எதையாவது சாப்பிட வைம்மா. சர்க்கரை ரொம்ப இறங்கினா உயிருக்கே ஆபத்து.”

எதிர்வீட்டு ரெஜினா அக்காவிடம் நான் அதுவரை பேசியதே இல்லை. கதவைத் தட்டினேன். “புரட்டாசியில மீனா? உங்கம்மா என்னையும் சேத்து வெளுத்துருவாங்க” என்று சிரித்தபடி, நேற்றைய குழம்பிலிருந்து ஒரு துண்டைக் கழுவிக் கொடுத்தாள்.

அம்மா வாசலை மறித்து நின்றாள். “அத உள்ள கொண்டாராத. ஒரு மாசம் விரதம்டி.”

சோமுவின் பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கியிருந்தன. அதைத் தூக்கிவந்து மாடிப்படியில் உட்காரவைத்து, மீனின் முள்ளை எடுத்துவிட்டு நீட்டினேன். அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“சாப்பிடுதாடி?”

சோமு மீனை விட்டுவிட்டு, குரல் வந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.