எதிர்ப்பக்கம்

காலையிலிருந்து அந்த பைக் டயர் ரிம்மில் ஏறுவேனா என்று அடம்பிடித்தது. லிவரால் நெம்பி நெம்பிக் கணவனுக்குக் கை கன்றிப்போனதுதான் மிச்சம்.

"பேசாம கடைக்குக் கொண்டு போயிடவா?"

"வேண்டாம், நேரமாயிடும்," என்றாள் மனைவி. சோப்புத் தண்ணீர் தடவி, எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்தி ரிம்மின் பள்ளத்தில் இறக்கினாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அடுத்த நெம்பில் டயர் உள்ளே போய் உட்கார்ந்தது.

"நீ இல்லாம என்னால ஒரு டயர்கூட மாட்ட முடியாது," என்று சிரித்தான்.

சக்கரத்தைப் பூட்டி முடித்ததும் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பாப்பா ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள கிளம்புங்க. நீங்க பெட்டியோட போறத அவ பார்க்க வேண்டாம்."

பெட்டியைப் பின்சீட்டில் அவளே இறுக்கிக் கட்டினாள்.

"முழங்கால எங்க வெச்சு அழுத்தணும்னு அங்க காத்திருக்கிறவளுக்கும் சொல்லிக் குடுங்க. அடுத்த டயருக்கு நான் வரமாட்டேன்."