மாப்பிள்ளைக்குத் தனி இடம்

மருமகன் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று மாக்கிரட் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மற்ற விளையாட்டுக்காரர்கள் ஒரே வாங்கில் தோளோடு தோள் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, அனுஜனுக்கு மட்டும் எதிர்ப்பக்கத்தில் கண்ணாடி அடைத்த தனி இடம்.

அவனை அங்கே அனுப்பிவைப்பதற்கென்றே வரிச்சட்டையும் தலைக்கவசமும் போட்ட ஒரு சின்ன ஆள் வேறு. அந்த ஆள் விசில் ஊதிக் கையை உயர்த்தியதும் அனுஜன் ஆட்டத்தை விட்டுவிட்டு அங்கே போய் அமர்வான். கொஞ்சம் இளைப்பாறிவிட்டுத் திரும்பி வருவான்.

"ஒவ்வொரு மச்சிலும் அவனுக்குத்தான் அந்த இடம்," என்றாள் பக்கத்தில் இருந்த றோசலின், அனுஜனின் தாய். "மற்றவைக்கு லேசிலை கிடைக்காது." புதிதாக வாங்கிய டிஜிட்டல் கமராவால் கண்ணாடிக்குள் இருந்த மகனைப் படம் பிடித்தாள். மன்னாருக்கு அனுப்பவேண்டுமாம்.

மாக்கிரட்டுக்கு ஐஸ் ஹொக்கியைப் பற்றித் தெரிந்ததெல்லாம், தொலைக்காட்சியில் அது வந்தால் சனலை மாற்றவேண்டும் என்பதுதான். இந்த அரீனாவுக்கும் ஒரு கோடையில், ஐஸை எடுத்துவிட்டு நடத்திய தமிழர் விளையாட்டு விழாவுக்கு வடை விற்க வந்ததோடு சரி.

பெண் பார்ப்பது போலத் தெரியாமல் பெண் பார்க்க இந்த இடத்தைச் சொன்னது றோசலின்தான். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தற்செயலாக வந்ததாக இருக்கட்டும், பிடிக்காவிட்டாலும் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை மிஞ்சும் என்றாள். மாப்பிள்ளைக்குப் புவாண்ட்-கிளேரில் கொம்பியூட்டர் வேலை, சொந்த வீடு. மகள் ஜெயனிக்கோ முப்பது நெருங்குகிறது. இதுவும் தட்டிப்போனால் கோயிலில் தலைகாட்ட முடியாது.

ஒரேயொரு உறுத்தல். வாரநாட்களில் வங்கியில் இருக்கும் ஜெயனி, ஞாயிற்றுக்கிழமைகளில் இதே அரீனாவில் ஏதோ பகுதிநேர வேலை பார்த்தாள். பெரிய பையொன்றை இழுத்துக்கொண்டு போவாள், களைத்துப்போய் வருவாள்.

என்ன வேலை என்று மாக்கிரட் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம். றோசலினிடம் 'நிர்வாகத்தில்' என்று சொல்லிவைத்திருந்தாள். வேலை முடிந்ததும் கன்ரீனுக்கு வரச் சொன்ன மகள், பொரித்த கிழங்குத் தட்டோடு வந்து நின்றுவிடக் கூடாதே என்று மாதாவை வேண்டிக்கொண்டாள்.

மறுபடியும் விசில். இந்தத் தடவை அனுஜன் கண்ணாடிக்குள் இருந்தபடியே வரிச்சட்டை ஆளைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ கத்தினான்.

"வேலை செய்யிற ஆக்களை அவன் கண்டிப்பாய்த்தான் வைச்சிருப்பான்," என்றாள் றோசலின்.

அந்த ஆளோ திரும்பியும் பார்க்காமல் வழுக்கிக்கொண்டு போனது. எடுபிடி வேலைக்கு இவ்வளவு நிமிர்வா என்று மாக்கிரட் எரிச்சல்பட்டாள்.

ஆட்டம் முடிந்து, அனுஜன் குளித்து சென்ற் மணக்கக் கன்ரீன் மேசைக்கு வந்தான். தன் அணி தோற்றது மற்றவர்களின் விளையாட்டால் என்றான். தான் யாரையும் பின்னால் போய் இடிப்பதில்லை, அவர்கள்தான் வந்து விழுகிறார்கள் என்று கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னான்.

அப்போது ஜெயனி வந்தாள். குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள். தலைமயிர் வியர்வையில் ஒட்டியிருந்தது. கையில் தட்டு இல்லை என்று கண்ட பிறகே மாக்கிரட்டுக்கு மூச்சு வந்தது.

அனுஜன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சீனி போடாத கோப்பியைக் கலக்கத் தொடங்கினான்.

"வெக்கப்படுறான்," என்றாள் றோசலின். "இவன் விளையாடினதைப் பாத்தனீரோ, பிள்ளை?"

"ஓம் அன்ரி. கிட்ட நிண்டுதான் பாத்தனான்."

றோசலின் அதற்குமேல் சுற்றிவளைக்கவில்லை. தவக்காலம் தொடங்கமுன் கலியாண எழுத்தை முடித்துவிடலாம், பிள்ளை ஒரு சொல் சொன்னால் போதும் என்றாள்.

மாக்கிரட் மகளின் காதருகே குனிந்தாள். "ஓம் எண்டு சொல்லன் பிள்ளை. அவருக்கெண்டு தனி இடமெல்லோ வைச்சிருக்கினம்."

ஜெயனி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"வேண்டாமம்மா. அது பிழை விடுற ஆக்களை இருத்துற இடம். இண்டைக்கு முழுக்க விசிலடிச்சு அவரை அங்கை அனுப்பினது நான்தான்."