இடப்பக்கம் திரும்பினால்

"விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று மருத்துவர் கேட்டது இது மூன்றாவது முறை.

"ஊசியில நூல் கோத்துட்டிருந்தேன்" என்று தையல்காரர் சொன்ன பொய்யும் மூன்றாவது.

மார்பெல்லாம் ஒயர் ஒட்டிய கோலத்தில் அவர் படுத்திருந்தார். காலடியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் உண்மையைச் சொல்வதைவிட இன்னொரு முறை மயங்கி விழுந்துவிடலாம்.

நான்கு மாதத்தில் ஐந்து முறை விழுந்தாயிற்று. எழுபத்தொரு வயதில் ஒவ்வொரு விழுதலும் ஒரு பந்தயம். இதுவரை எலும்பு ஜெயித்திருக்கிறது.

மருத்துவர் விரல்விட்டு எண்ணினார். ரத்தக்கொதிப்பு மாத்திரை கூடிப்போனாலும் இப்படிக் கண் இருட்டும். தண்ணீர் குடிக்காமல் கிடந்தாலும், படுத்திருந்து சட்டென்று எழுந்தாலும் இருட்டும். இதயம் தாளம் தப்பினாலும் அப்படித்தான்.

பொறாமை அந்தப் பட்டியலில் இல்லை. தையல்காரருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

எதிர் வீட்டில் ஒரு பஸ் டிரைவர், ஓய்வுபெற்றவர். அவருக்கு மனைவி போய்விட்டாள். தலைமுடி மட்டும் போகவில்லை. தினமும் பத்து மணி ஆனால் இவருடைய மனைவி காய்கறிக் கூடையும் கத்தியுமாக அந்த வராந்தாவுக்குக் கிளம்பிவிடுவாள். மதியம் வரை அங்கேதான் ஜாகை.

அதுகூடப் பரவாயில்லை. அங்கே போய்ச் சிரித்தாள். நாற்பத்தாறு வருடமாக இவர் சொன்ன ஜோக்குகளுக்கெல்லாம் சேர்த்துச் சிரித்ததைவிட, அங்கே ஒரே காலையில் அதிகமாகச் சிரித்தாள்.

ஜன்னல் அவருக்கு முதுகுப்பக்கம். எழுந்து போய்ப் பார்த்தால் மானம் போய்விடும். அதனால் கால் பாட்டுக்கு மிஷினை மிதித்துக்கொண்டிருக்கும். கழுத்து மட்டும் ஆந்தை மாதிரி இடப்பக்கம் திரும்பும்.

அப்புறம் இருட்டு.

கண் திறந்தால் மனைவி முகமும் டிரைவர் முகமும் ஜோடியாகக் குனிந்திருக்கும். வயிறு எரியும்.

சும்மா விடுவாரா? அவள் அங்கே போக ஆரம்பித்த முதல் வாரமே தனக்கென்று ஐந்து புதுச் சட்டை தைத்துக்கொண்டார். கழுத்தளவு எடுக்கும்போது ஊருக்கெல்லாம் ஒரு விரல் இடம் விடுகிறவர், தனக்கு விடவில்லை. விறைத்த காலரில் மேல் பட்டன்வரை போட்டு நின்றால் பத்து வயது குறைந்து தெரிகிறது என்பது அவர் துணிபு.

அந்தக் காலர் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த சிவந்த கோட்டைத்தான் மருத்துவர் இப்போது பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரலை வைத்து, தாடைக்குக் கீழே இடப்பக்கம் மெல்ல அழுத்தினார்.

திரையில் குதித்துக்கொண்டிருந்த கோடு நான்கு விநாடி நேராக ஓடியது. தையல்காரருக்கு அதே பழைய இருட்டு.

வெளிச்சம் திரும்பியபோது மருத்துவர் திருடனைப் பிடித்தவர் முகத்தோடு நின்றார்.

"இங்க ஒரு நரம்பு இருக்குங்கய்யா. இறுக்கமா காலர் போட்டுக் கழுத்தைத் திருப்பினா அது அமுங்குது. உடனே இதயம் கொஞ்சம் நின்னு யோசிக்குது. உங்க நரம்பு ரொம்ப ரோஷமானது. எதைத் திரும்பிப் பாத்தீங்க? மறைச்சீங்கன்னா, அடுத்த தடவை கத்திரிக்கோல் மேலதான் விழுவீங்க."

தையல்காரர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"எதிர் வீட்டை."

"எதிர் வீட்டுல என்ன?"

"என் பெண்டாட்டி."

மருத்துவர் அவசரமாக இயந்திரத்திலிருந்து தாளைக் கிழித்து, ஊன்றிப் படிக்க ஆரம்பித்தார்.

மனைவி எழுந்து வந்து போர்வையை அவர் மார்புவரை இழுத்துவிட்டாள். பேசியது என்னவோ மருத்துவரிடம்தான்.

"அந்த வராந்தாவுல உக்காந்தாத்தான் இவர் மிஷின் தெரியும், டாக்டர். முதல் தடவை, ஒரு கல்யாணத்துக்குப் பழைய சட்டையை இறுக்கிப் போட்டுட்டு, நான் கூப்பிட்டேன்னு திரும்பினப்ப விழுந்தார். அப்புறம் நான் பக்கத்துலயேதான் உக்காந்தேன். நான் என்ன கைக்குழந்தையான்னு கத்தி விரட்டிட்டார். விழுந்தா தனியாத் தூக்கவும் எனக்குத் தெம்பில்ல. அதான் எதிர் வீட்டு அண்ணன்கிட்ட, உங்க வராந்தாவுல ஒரு நாற்காலி போடுங்கன்னு கேட்டேன்."

அண்ணன். நான்கு மாதமாக அந்த ஒரு சொல்லை யாரும் அவர் காதில் போடவில்லை.

ஆனாலும் ஒரு முள் பாக்கி இருந்தது. கேட்காமல் விட்டால் அது அவருடைய பொறாமைக்கே அவமானம்.

"அப்ப அந்தச் சிரிப்பு?"

மனைவி முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சும்மா உங்களையே பாத்துட்டு உக்காந்திருந்தா, காவல் காக்கறேன்னு கண்டுபிடிச்சிருவீங்கல்ல. அதான் சிரிச்சேன்."