தாங்கும் தகுதி

மனைவி ஜெசிந்தாவின் ஆபரேஷனுக்காகத் தன் சேமிப்பை எடுக்க, சவரிமுத்து மறுபடியும் தூத்துக்குடி முதலீட்டாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனார். பலனை நம்பிச் செலவழிக்கிற காசு எல்லாமே முதலீடுதான் என்று சட்டம் வந்ததிலிருந்து, பெண்டாட்டி பிழைப்பாள் என்று நம்பிக் கட்டுகிற காசும் அதில் சேர்ந்துவிட்டது.

"நூத்துக்கு இருபதுதான் வாய்ப்பாம், அண்ணாச்சி. இம்புட்டு ரிஸ்க் எடுக்க உங்களுக்கு அனுமதி இல்ல" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். குரலில் நிஜமாகவே அக்கறை இருந்தது.

"எம் பணம், எம் பொண்டாட்டி. ஒனக்கென்ன தாயி நட்டம்?"

"உங்களுக்கு நட்டம் வந்துரக் கூடாதுன்னுதான நாங்க உக்காந்திருக்கோம்? பெரிய இழப்பு ஒண்ணப் பாத்துத் தாங்குனவங்கதான் இஷ்டப்படி போடலாம். நீங்க இன்னும் எதையும் இழக்கலையே."

அவர் சேமிப்பு பத்திரமாக இருந்தது. மழைக்காலத்துக்கு முன்பே ஜெசிந்தா போய்ச் சேர்ந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது போன் அடித்தது. அதே பெண்தான்.

"மனசத் தேத்திக்கோங்க அண்ணாச்சி. நீங்க தாங்கிட்டீங்க, தகுதி வந்தாச்சு. இனி உங்க பணத்த எதுல வேணாலும் போடலாம்."

சவரிமுத்து காலியாகக் கிடந்த கட்டிலில் உட்கார்ந்தார்.

"எதுல போடட்டும், நீயே சொல்லு தாயி."

"அய்யோ, அது உங்க சுதந்திரம் அண்ணாச்சி. அதுல நாங்க தலையிடக் கூடாது."