இரண்டு மரங்களுக்கு நடுவே வானம்

ஒரு காட்டில் ஓர் இலுப்பையும் ஒரு மருதமும் அருகருகே நின்றன. வெயிலுக்காக இரண்டுக்கும் ஓயாத சண்டை.

"இன்னொரு தடவை உன் கிளை என்மேல பட்டுச்சு, முறிச்சுப் போட்டுடுவேன்!" என்று இலுப்பை கத்தும்.

"முதல்ல உன் கையை மடக்குடா!" என்று மருதம் சீறும்.

காற்றடிக்கும்போதெல்லாம் மோதி மோதி ஓரத்துக் கொழுந்துகள் உதிர்ந்ததில், நடுவே வானம் ஓர் ஆறுபோல நீளமாகத் திறந்து கிடந்தது. அந்த ஆற்றின் வெளிச்சம் அடியில் இருந்த கீழாநெல்லிமேல் விழும். அண்ணாந்து பார்த்தாலே அதற்கு உடம்பு சிலிர்க்கும். 'இந்தச் சண்டை மட்டும் ஓய்ந்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும்!' என்று நினைத்துக்கொள்ளும்.

ஐப்பசிப் புயலில் மருதம் வேரோடு சாய்ந்தது. கீழாநெல்லி மலைத்துப்போனது. இவ்வளவு பெரிய நீலமா!

நாளடைவில் இலுப்பை அந்தப் பக்கமும் விரிந்து நீலம் முழுவதையும் மூடியது. அதையும் கீழாநெல்லி வாய்பிளந்துதான் பார்த்தது. பிறகு மெல்ல, "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்களேன்" என்றது.

"தள்ளிக்கிறதா? இங்கதான் யாருமே இல்லையே!" என்றது இலுப்பை.

பொழுது சாய்ந்ததும் இலைகளை மடக்கிக்கொள்வது கீழாநெல்லியின் பழக்கம். அன்று உச்சிவேளையிலேயே மடக்கிக்கொண்டது.