இரண்டு விரல்கள்

பல் டாக்டர் ரெபேக்கா, கையுறை மாட்டிய இரண்டு விரல்களைச் சிதம்பரநாதனின் தாடைக்கு அடியில் கொடுத்து மெல்ல முன்னால் இழுத்தாள். "கீழ்த்தாடை இப்படி முன்னால வந்துட்டா தொண்டை அடைக்காது சார். குறட்டையும் குறையும், தூக்கத்துல மூச்சும் நிக்காது." ஓரத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி கனகவல்லிக்கு வயிறு பற்றி எரிந்தது. அது அவளுடைய கைவேலை. பதினேழு வருடமாக, உறக்கத்தில் அவருக்கு மூச்சு நிற்கும்போதெல்லாம் அதே இடத்தில் அதே இரண்டு விரல்களை வைத்து இழுத்து மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தவள் அவள். யாரும் சொல்லித்தரவில்லை. அவருக்கே தெரியாது. இந்த டாக்டரானால் முதல் நாளே தொட்டுவிட்டாள்.

தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும்படி டாக்டர் அச்செடுத்துச் செய்து கொடுத்த பிளாஸ்டிக் செட்டைப் பல்லில் மாட்டிக்கொண்டு அவர் நிம்மதியாகத் தூங்கினார். காலையில் அதைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நீல டப்பாவில் வைத்து, மூடியை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார். கனகவல்லியின் கையை அவர் ஒருநாளும் அவ்வளவு பதமாகப் பிடித்ததில்லை.

பதினைந்து நாள் கழித்துப் போனபோது டாக்டர் அவளைத்தான் கேட்டாள். "இப்பவும் மூச்சு நிக்குதாம்மா? பக்கத்துல படுக்கறவங்களுக்குத்தானே தெரியும்."

ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"நிக்குது" என்றாள் கனகவல்லி.

"அப்ப செட் இங்க இருக்கட்டும். சரிபண்ண ஒரு வாரம் ஆகும்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?" என்று அவர் பதறினார்.

கனகவல்லி வலதுகையின் இரண்டு விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.