கால் மாத்திரை

சாயங்கால வெயில் ஜன்னல் வழியே எவர்சில்வர் தட்டில் விழுகிறது. எழிலரசி பாதி பிளேடால் ஒரு மாத்திரையை நான்காக அறுக்கிறாள். இதயத்தில் வால்வு மாற்றியவள். இரத்தம் உறையாமலிருக்க இந்த மாத்திரை. குறைந்தால் வால்வில் கட்டிக்கொள்ளும், கூடினால் ஈறில் கசியும். நெமிலிச்சேரி ஸ்டேஷனை லோக்கல் ரயில் தடதடத்துக் கடக்க, தட்டில் துண்டுகள் நடுங்குகின்றன. ஒன்று பொடிந்து போகிறது. பெருமூச்சோடு அடுத்ததை எடுக்கிறாள். காலில் இரத்தம் கட்டி அதே மாத்திரையைச் சாப்பிடும் தம்பி பாபு, தன் அட்டையை நீட்டுகிறான். "இன்னாக்கா, இத்தினியூண்டு போட்டா இன்னாத்துக்கு ஆவும்? நான் முழுசா ரெண்டு போட்டுக்கினு ஆட்டோ ஓட்டினு கீறேன். ஒரே வயித்துல பொறந்தவங்கதானே, நீயும் முழுசா போடு." சொல்லிச் சொல்லி அலுத்த பதிலை அவள் மறுபடி சொல்கிறாள்: "உன் ஒடம்பு சீக்கிரம் கரைச்சுடுது பாபு. என்னுது பொறவியிலயே மெதுவு, மருந்து உள்ளயே தங்கிடும்னு டாக்டர் சொன்னாரில்ல?" அவன் சிரிக்கிறான். அவள் நைட்டியின் கையை மேலே ஒதுக்குகிறாள். முந்தாநாள் ஆட்டோவில் ஏற்றிவிட அவன் கைத்தாங்கலாகப் பிடித்த இடத்தில், ஐந்து விரல்களும் கருநீலமாகப் பதிந்திருக்கின்றன. பாபு அட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தன் விரல்களை மெல்ல மடக்கிக்கொள்கிறான்.